எந்தக் கடிகாரத்தின்படி? எங்கள் பதிவுகளைச் சேமிக்கும் இயந்திரங்களின் நேரம்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி கடந்து சற்று நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்றினால் வந்த வினை என்று அமைச்சர் சொன்னார். குரங்கை வைத்து நாடே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் புத்தளம் கரையோரத்தில் நுரைச்சோலை லக்விஜய அனல் மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றபடியே இருந்தன. 900 மெகாவாட் கொள்ளளவுள்ள அந்த நிலையம் திடீரென நின்றுபோனால் மீண்டும் முழு வலுவுக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும். 2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டியவில் தொடங்கிய மின்தடையின்போதும் இதுவே நடந்தது. இரண்டு முறையும் அடுத்து வந்த நாட்களில் மின்வெட்டு அமுலானது.

இப்படியான ஒரு வீழ்ச்சியை விசாரிக்கும் பொறியியலாளர்கள் முதலில் கேட்பது "எது முதலில் விழுந்தது?" என்பதைத்தான். பாணந்துறையில் பிழை ஏற்பட்ட கணம், வலையமைப்பின் அதிர்வெண் சரிந்த கணம், நுரைச்சோலை துண்டித்துக்கொண்ட கணம் எல்லாமே சில விநாடிகளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு நிலையத்திலும் உள்ள பதிவுக் கருவி தன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறது. அந்தக் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் காரணம் விளைவாகவும், விளைவு காரணமாகவும் தெரியும். பழி இடம் மாறிவிடும்.

இது வெறும் கற்பனை அல்ல. 2003 ஓகஸ்ட் 14ஆம் திகதி அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் சுமார் 5 கோடி மக்களை இருளில் தள்ளிய மின்தடையை இரு நாடுகளும் சேர்ந்து விசாரித்தன. பல நிலையங்களின் பதிவுக் கருவிகள் நேரத்தால் ஒத்திசைக்கப்பட்டிருக்கவில்லை. எந்தப் பதிவு எந்தப் பதிவுக்கு முன் என்பதைக் கண்டுபிடிக்கவே விசாரணையாளர்கள் பெரும் பாடுபட்டார்கள். 2004இல் வெளிவந்த இறுதி அறிக்கை, நேரம் ஒத்திசைக்கப்பட்ட பதிவுக் கருவிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தனிப் பரிந்துரையே செய்தது.

யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்கள் வாசிக்கும் ஒரு தளத்தில் மின்சாரக் கடிகாரங்களைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிறப்பு, இறப்பு, காணி, வாக்கு, இழப்பீட்டு விண்ணப்பம், காணாமலாக்கப்பட்டோர் கோப்பு, அகழ்வுப் பணிகளின் புகைப்படங்கள் எல்லாம் தாளிலிருந்து கணினிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இந்திய நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் வருகிறது. இந்தத் தரவுகளை யார் பார்ப்பார்கள், யார் திருடுவார்கள் என்று நாம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். அந்தத் தரவின் மேல் ஒட்டப்படும் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதையும் கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரே அறையில் இரண்டு நேரம்

ஒரு பெரிய தரவு மையத்தில் நமது கோப்பு ஒரு கணினிப் பெட்டிக்குள் இருப்பதில்லை. கணக்கிடும் சேர்வர்கள் ஒரு பக்கம், தரவைத் தாங்கும் வட்டு அடுக்குகள் மறுபக்கம். இரண்டையும் இணைப்பது சுவிட்ச் எனப்படும் இயந்திரங்கள். எந்தத் தரவு எந்த வட்டுக்குப் போக வேண்டும் என்று வழிவிடும் சந்திகள் அவை. இவை எல்லாம் சேர்ந்ததே சேமிப்பு வலையமைப்பு.

ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. ஓர் இணைப்பு அறுந்தால், ஒருவர் உள்நுழைந்தால், யாராவது ஓர் அமைப்பை மாற்றினால் அது தன் நேரத்தைப் போட்டு லொக் எழுதிக்கொள்ளும். உள்ளே இருப்பது கைக்கடிகாரத்தில் உள்ளது போன்ற படிகம்தான். அது பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழைத்தால் ஒரு நாளில் 1.7 விநாடி விலகும். கவனிக்காமல் விட்டால் ஓர் ஆண்டில் பத்து நிமிடத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் தன்பாட்டில் விலகும். சில முந்தும், சில பிந்தும்.

இதைச் சரிசெய்யும் வழி பழையது. அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்.ரி.பி. என்ற நேர நெறிமுறையின் முதல் ஆவணம் 1985இல் வெளிவந்தது. அணுக் கடிகாரம் அல்லது ஜி.பி.எஸ். செய்மதியிலிருந்து நேரம் பெறும் சேர்வர் ஒன்று மேலே இருக்கும். கீழே உள்ளவை படிப்படியாக அதனிடம் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளும். சேமிப்பு வலையமைப்புகளில் பரவலாகப் பயன்படும் சுவிட்ச் வகை ஒன்றில் ஒரு தலைமைச் சுவிட்ச் மட்டும் வெளி நேரச் சேர்வரிடம் கேட்கும். அது தன் வலையமைப்பில் உள்ள மற்றவற்றுக்கு நேரத்தைப் பகிர்ந்தளிக்கும்.

கோளாறு வருவது இங்கேதான். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும் என்பதற்காக சேமிப்பு வலையமைப்பை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பகுதிகளாக அமைப்பது வழமை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தலைமை. இரண்டு தலைமைகளும் வெவ்வேறு இடத்தில் நேரம் கேட்டால், அல்லது ஒன்று கேட்காமலே விட்டால், ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எல்லாக் கடிகாரங்களும் அழகாக ஒத்துப்போகும். இரண்டு பகுதிகளுக்கும் இடையே நேரம் வேறாக இருக்கும். இதோடு நேர வலயம் வேறு. தலைமைச் சுவிட்ச் பகிர்வது உலகப் பொது நேரத்தை. அதை இலங்கை நேரமாகக் காட்டச் சொல்லும் அமைப்பை ஒவ்வொரு சுவிட்சிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் மறந்தால் அதன் லொக்கில் எல்லாமே ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கிப் பதிவாகும்.

இவ்வளவும் பிழைத்தாலும் சிவப்பு விளக்கு எதுவும் எரியாது. தரவு போகும், வரும். அலுவலகத்தில் எவருக்கும் எதுவும் தெரியாது. தரவு தொலைந்து, "யார் எப்போது நுழைந்தார், எந்தப் பிரதி கடைசியாக எடுக்கப்பட்டது" என்று லொக்குகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் நாளில்தான் கடிகாரம் பிழை என்று தெரியவரும். அன்று அதைத் திருத்தி என்ன பயன்? போன மாதத்து லொக்கைத் திருத்த முடியாது. திருத்தினால் அது லொக்கே அல்ல.

அந்த நாள் இலங்கைக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுட் மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அதற்கு முன்பு, 2021இல், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகளும் அதே கிளவுட்டிலிருந்து அழிந்துபோய் விசாரணைக்கு வந்தன. அந்தச் சம்பவங்களில் கடிகாரம் பிழைத்தது என்று நான் சொல்லவில்லை. தரவு தொலைந்த பின்பு கேட்கப்படும் எல்லாக் கேள்விகளும் "எப்போது" என்ற சொல்லில்தான் தொடங்குகின்றன. அதற்கான விடை முழுவதும் கடிகாரங்களில் தங்கியிருக்கிறது என்றே சொல்கிறேன்.

ஒரே நாட்டில் இரண்டு நேரம்

இரண்டு வலையமைப்புகள், இரண்டு தலைமைகள், இரண்டு நேரம் என்பதை எங்களுக்கு உதாரணம் சொல்லி விளக்கத் தேவையில்லை. நாங்கள் பத்து ஆண்டுகள் அப்படித்தான் வாழ்ந்தோம்.

1996இல் மழை பொய்த்து நீர் மின்சாரம் குறைந்தபோது, பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருந்த நாடு ஆறரைக்குப் போனது. ஒக்ரோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்வாங்கி ஆறு மணித்தியாலமானது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி பழைய ஐந்தரைக்கே திரும்பியது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதி முழுக் காலமும் ஐந்தரையிலேயே இருந்தது.

ஆகவே 1996 மே முதல் ஒக்ரோபர் வரை வன்னிக்கும் வவுனியா நகரத்துக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசம். அதன் பின் 2006 ஏப்ரல் வரை அரை மணித்தியாலம். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு ஓமந்தையைக் கடந்தவர்கள் அடையாள அட்டையோடு கைக்கடிகாரத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு சந்திப்புக்கு நேரம் குறிப்போம். கடிகாரங்கள் மீண்டும் ஒன்றான 2006ஆம் ஆண்டின் ஓகஸ்டிலேயே அந்த வீதி மூடப்பட்டது.

இது ஞாபகத்தில் மட்டும் இருக்கும் செய்தி அல்ல; இன்று உங்கள் கைத்தொலைபேசிக்குள்ளும் இருக்கிறது. உலகத்தின் பெரும்பாலான கணினிகளும் தொலைபேசிகளும் எந்த இடத்தில், எந்தக் காலத்தில், என்ன நேரம் இருந்தது என்பதை அறிய ஒரு பொதுத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் இலங்கைக்குரிய பெயர் "ஏசியா/கொழும்பு". 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் அதில் உண்டு. அதைத் தொகுப்பவர்கள் 2006இல் ஒரு குறிப்பும் சேர்த்தார்கள்: தமிழர் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் வாழ்பவர்கள் இந்தியாவுக்குரிய "ஏசியா/கொல்கத்தா" வலயத்தைப் பயன்படுத்தலாம், 1970 முதல் அந்த நேரம் அவர்களின் நேரத்தோடு ஒத்திருக்கிறது என்று. எங்கள் யுத்தத்தின் ஒரு துண்டு உலகக் கணினிகளின் நேர அட்டவணையில் ஓர் அடிக்குறிப்பாகக் கிடக்கிறது.

அடிக்குறிப்பை மனிதர்தான் வாசிப்பார்கள், இயந்திரம் வாசிக்காது. 2003இல் கிளிநொச்சியில் எழுதப்பட்ட வைத்தியசாலைக் குறிப்பு ஒன்றில் "காலை 10.00" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இன்று ஒருவர் கணினியில் ஏற்றும்போது "இலங்கை" என்று தெரிவு செய்தால், மென்பொருள் அதைக் கொழும்பு நேரமாக எடுத்து அரை மணித்தியாலம் பிழையாக உலக நேரத்துக்கு மாற்றிவிடும். 1996 ஓகஸ்டில் எழுதப்பட்ட குறிப்பென்றால் பிழை ஒரு மணித்தியாலம். ஏற்றியவருக்குக் கெட்ட நோக்கம் இல்லை. மென்பொருளும் தன் விதிப்படியே நடந்தது. ஆனாலும் ஒரு ஷெல் விழுந்த நேரமும் காயக்காரர் வந்து சேர்ந்த நேரமும் இடம் மாறிவிடக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் 1996 என்றால் எங்களுக்குக் கடிகாரம் மட்டும் ஞாபகம் வருவதில்லை. இராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றிய பின் நூற்றுக்கணக்கானோர் கைதாகிக் காணாமல்போன ஆண்டு அது. பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருசாந்தி குமாரசாமி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டது 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி. அன்று அரச கடிகாரம் ஆறரையில் இருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளையைத் தேடிப்போன ஒரு தாய் தன் வாக்குமூலத்தில் சொன்ன நேரம் வீட்டுச் சுவரில் இருந்த பழைய நேரமா, சாவடியில் இருந்த புது நேரமா? அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் சட்டத்தரணி இந்த ஒரு மணித்தியாலத்தை முரண்பாடு என்று காட்ட முடியும். இரண்டு கடிகாரங்களின் கதை தெரிந்த ஒருவர் அதை ஒரே வசனத்தில் தீர்த்துவிட முடியும். அந்த வசனம் கோப்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஜூலை 17 என்ற திகதி

ஒரு கோப்பில் பதிந்த நேரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்களிடம் இன்னொரு சாட்சி உண்டு. 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 கைகள் கட்டப்பட்ட, நிர்வாணமாக்கப்பட்ட ஆட்கள் சுடப்படும் காணொளியை ஒளிபரப்பியது. போலி என்றது அரசாங்கம். ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதை ஆராயக் கொடுத்து, 2010 ஜனவரியில் முடிவை வெளியிட்டார். காணொளி நம்பகமானது என்பதையே ஆய்வுகள் வலுவாகச் சுட்டின. நிபுணர்களால் விளக்க முடியாத சில அம்சங்களையும் அவர் மறைக்காமல் சொன்னார். அவற்றில் ஒன்று, கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி.

யுத்தம் மே மாதம் முடிந்துவிட்டது. யுத்தகாலக் கொலை என்று சொல்லப்படும் காட்சியின் கோப்பில் இரண்டு மாதம் பிந்திய திகதி. தொலைபேசியின் கடிகாரம் பிழையாக வைக்கப்பட்டிருக்கலாம். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய நாளாக இருக்கலாம். கணினி தெரிந்த எவருக்கும் இவை சாதாரணக் காரணங்கள். ஆனால் உயிர்கள் போன காட்சியின் நம்பகத்தன்மையை மறுக்க விரும்புகிறவருக்கு அந்த ஓர் எண் போதும். 2011இல் அவருக்குப் பின் வந்த அறிக்கையாளர் கிறிஸ்ரொப் ஹெய்ன்ஸ், நீண்ட வடிவிலான காணொளியை மீண்டும் நிபுணர்களிடம் கொடுத்து, அது உண்மையானது என்ற முடிவுக்கு வந்தார். இடைப்பட்ட காலமெல்லாம் சந்தேகம் பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்தில்தான் நின்றது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் எளிமையானது. கடிகாரம் பிழையாக இருப்பது தாங்கக்கூடிய பிழை. எவ்வளவு பிழை என்று தெரியாமல் இருப்பதே சாட்சியத்தைக் கொல்கிறது. "இந்தக் கருவி அன்று 34 நிமிடம் பிந்தியிருந்தது" என்று அன்றே எழுதிவைத்திருந்தால், எந்த நீதிமன்றத்திலும் 34 நிமிடத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு மேலே போகலாம். இலங்கையின் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டமும் கணினிச் சான்றை ஏற்பதற்கு அந்தக் கணினி முறையாக இயங்கியதா என்று கேட்கிறது. கடிகாரத்தைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லாத ஓர் இயந்திரம் முறையாக இயங்கியது என்று எப்படி நிரூபிப்பது?

புத்தளத்தில் இருக்கும் தாள்கள்

கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளம் நகரைச் சுற்றியும் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் நான் பார்ப்பது பொலித்தீன் பைகளை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் ஆவணங்களை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அப்போது வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் பலர் வள்ளங்களில் கடல் கடந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் விட்டுவந்தவர்கள் அநேகர். பையில் இருப்பவை பெரும்பாலும் வந்த பிறகு சேர்ந்தவை: நிவாரண அட்டை, முகாம் பதிவுத் துண்டு, கிராம சேவகரின் கடிதம்.

உப்புக் காற்றில் மை வெளிறுகிறது. ஆகவே பிள்ளைகள் அவற்றைத் தொலைபேசியில் படமெடுத்தும் ஸ்கேன் செய்தும் வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஸ்கேன் செய்த கணத்தில் அந்தத் தாளுக்கு ஒரு புதிய பிறந்த நாள் கிடைத்துவிடுகிறது. 1991இல் கொடுக்கப்பட்ட துண்டின் கோப்பில் இந்த ஆண்டின் திகதி இருக்கும். கடைக் கணினியின் மின்கலம் செத்திருந்தால் எப்போதோ ஒரு ஜனவரி முதலாம் திகதி இருக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் பெற்றவரின் தொலைபேசியில் இன்னொரு திகதி. மீள்குடியேற்றப் பட்டியலில் யார் முதலில் விண்ணப்பித்தார், இறுதித் திகதிக்குள் யார் கொடுத்தார், இரண்டு மாவட்டங்களில் யார் பதிந்திருக்கிறார் என்ற சர்ச்சைகள் கணினிக்கு வரும்போது, கணினி தாளில் உள்ள திகதியை வாசிக்குமா, தன் திகதியை வாசிக்குமா?

வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வந்தது. இருபது ஆண்டு கழித்துத்தான் அந்தச் சாட்சியங்கள் ஒரு நூலாகச் சேர்ந்தன. எங்களுக்கு நீதி என்பது, தமிழர் என்றாலும் முஸ்லிம் என்றாலும், இருபது முப்பது ஆண்டுகள் பிந்தி வருவது, வந்தால். ஆகவே எங்கள் பதிவுகள் அடுத்த மாதத்துக்காக அல்ல, அடுத்த தலைமுறைக்காகச் சேமிக்கப்பட வேண்டியவை. அதற்குள் இயந்திரங்கள் பல முறை மாறும். பதிவு ஒவ்வொரு முறையும் புதிய வட்டுக்கு, புதிய சுவிட்சின் ஊடாக நகரும். நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய நேரம் அதன் மேல் ஒட்டும்.

செம்மணியில் இது இப்போதே நடக்கிறது. 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற உத்தரவின்படி அகழ்வு நடந்தபோது 200க்கும் அதிகமான மனித எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. இப்படியான அகழ்வில் ஒவ்வோர் எலும்புத் தொகுதியும் படமெடுக்கப்படும், அளக்கப்படும், இலக்கமிடப்படும். அந்தப் படங்களும் அளவைகளும் எங்கோ ஒரு வட்டில்தான் இருக்கப் போகின்றன. எந்தக் கமெராவின் கடிகாரம் எதனோடு ஒப்பிடப்பட்டது, அது எழுதப்பட்டதா, முதல் பிரதி எப்போது எடுக்கப்பட்டது என்பவை இன்றே கேட்கவேண்டிய கேள்விகள். 2045இல் கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

எதைக் கேட்பது?

ஒத்திசைவு என்பதே உண்மையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாச் சுவிட்சுகளும் ஒரே தலைமையிடம் நேரம் கேட்டு, அந்தத் தலைமையே பிழையாக இருந்தால், எல்லாக் கடிகாரங்களும் ஒரே குரலில் பிழை சொல்லும். முரண்பாடே இல்லாத பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அதனால்தான் நல்ல நிர்வாகிகள் ஒரு நேர மூலத்தோடு நிற்பதில்லை. இரண்டு மூலங்கள் முரண்பட்டால் எது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை தெரியும். நான்கு இருந்தால் ஒன்று செயலிழந்தாலும் மூன்று மிஞ்சும். நேரத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட சுயாதீன சாட்சிகள் தேவை.

அரச நிறுவனங்களிடம் கேட்கவேண்டியவை நான்கு. முதலாவது, பொதுமக்களின் பதிவுகளை வைத்திருக்கும் எல்லாத் தரவு மையங்களிலும் சேர்வர், வட்டு அடுக்கு, சுவிட்ச் மூன்றும், வலையமைப்பின் இரு பகுதிகளும், ஒரே நேர மூலங்களிடம் கேட்கின்றனவா? இலங்கை நியம நேரத்துக்கான பொறுப்பு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்திடம் இருக்கிறது; அதை மற்ற அரச நிறுவனங்கள் பயன்படுத்துகின்றனவா? இரண்டாவது, உள்ளே எல்லா லொக்கும் உலக நேரத்தில் எழுதப்பட்டு, திரையில் காட்டும்போது மட்டும் இலங்கை நேரமாக மாற்றப்படுகிறதா? அரசாங்கம் நாளை இன்னொரு முறை கடிகாரத்தைத் தள்ளினாலும் உலக நேரம் அசையாது. மூன்றாவது, கடிகாரத்தை யார், எப்போது மாற்றினார் என்ற பதிவு தனியிடத்தில், மாற்றியவரின் கை எட்டாத இடத்தில் இருக்கிறதா? நான்காவது, மின்தடைக்குப் பின் இயந்திரங்கள் எழும்பும்போது நேரச் சேர்வர் எழுமுன் மற்றவை எழுதத் தொடங்கிவிடுகின்றனவா? நுரைச்சோலை நிற்கும் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டிய கேள்வி இது.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைக் கேட்கலாம். கடவுச்சொல்லோ இரகசிய வரைபடமோ தேவையில்லை. "உங்களிடம் நேர ஒத்திசைவுக் கொள்கை எழுத்தில் உள்ளதா, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது?" என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளின் சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், கிராமிய அமைப்புகள், புலம்பெயர் நாடுகளில் உள்ள ஆவணக் காப்பகங்கள் என்று பலரும் பதிவுகளைச் சேமிக்கிறார்கள். ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் பணியும் நடக்கிறது. அங்கே போய்ச் சேரும் பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் போனால் அதன் பாதி வலு வழியிலேயே போய்விடும். மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட டிஜிட்டல் விசாரணைகளுக்கான வழிகாட்டியும் பதிவின் மூலத்தையும் கைமாறிய வழியையும் குறித்துவைக்கச் சொல்கிறது.

செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. தொலைபேசியில் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பை இயக்கி வையுங்கள். முக்கியமான ஒன்றைப் பதியும்போது, இயன்றால் இரண்டாவது தொலைபேசியின் நேரத் திரையையும் ஒரு கணம் படத்துக்குள் கொண்டுவாருங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் அனுப்புங்கள். பழைய தாளை ஸ்கேன் செய்தால் தாளில் உள்ள திகதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட எந்தச் சம்பவத்தின் நேரத்தைப் பதிந்தாலும் "பழைய நேரம்" அல்லது "புது நேரம்" என்று பக்கத்தில் ஒரு சொல் சேருங்கள். சொல்பவர் உயிரோடு இருக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும். அந்த வித்தியாசத்தை வாழ்ந்து அறிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. அடுத்த தலைமுறைக்கு அது ஒரு தரவுத்தளத்தின் அடிக்குறிப்பு மட்டுமே.